இன்னும் எவ்வளவு தூரம்? – இருவர் பயணத்துக்கான கணக்குகளும் கருவிகளும்

சிலப்பதிகாரத்தில் பயணத்தைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி வருகிறது. புகாரை விட்டுக் கிளம்பிய கோவலனும் கண்ணகியும் ஒரு காதம் நடந்து, கவுந்தியடிகளின் பள்ளியை ஒட்டிய சோலைக்கு வந்துவிட்டார்கள். கண்ணகிக்குக் கால் வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே, பக்கந்தான் என்கிற தொனியில், ‘ஆறைங்காதம்’ என்கிறான். இந்தச் சொல்லை ரெண்டு விதமாகப் பிரிக்கலாம். ஆறு ஐந்துகள் என்று பெருக்கினால் 30 காதம். ஆறோ ஐந்தோ என்று எடுத்துக்கொண்டால், சாயங்காலத்துக்கு முன்னே கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம் என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். மனைவியின் மனசு தளரக்கூடாது என்று கணவன் சொன்ன சாமர்த்தியமான பதில் என்று இதைப் படிப்பவர்கள் உண்டு.

சாமர்த்தியம்தான். ஆனால் அதே நாடுகாண் காதையில் கொஞ்சம் தள்ளிப் போனால், இவர்கள் ஒரு நாளைக்கு ஒரு காதத்துக்கு மேல் நடக்கவில்லை, அங்கங்கே பல நாள் தங்கித் தங்கிப் போனார்கள் என்ற தகவல் கிடைக்கிறது. 30 காதம், நாளுக்கு ஒன்று. ஆக, கண்ணகி கேட்டதற்குச் சரியான விடை, ‘குறைஞ்சது ஒரு மாசம் ஆகும்மா’ என்பது. காதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரே கணக்கு கிடையாது. ஆனாலும் நாளுக்கு ஒரு காதம் என்கிற வேகம் தெரிந்துவிட்டால் அது தேவைப்படாது.

இந்தக் கட்டுரை அந்த வேகத்தைப் பற்றியது. இணையத்தில் பயணத் திட்டமிடல் என்று தேடினால் 25 செயலிகள், 40 இணையதளங்கள் என்று பட்டியல் கொட்டுகிறது. எல்லாம் தூரத்தையும் நேரத்தையும் விலையையும் சொல்லும். ரெண்டு பேர் சேர்ந்து போகும்போது அவர்களில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் பயணத்தின் வேகம். அந்த எண்ணை எந்தச் செயலியும் தானாகத் தராது, நாம்தான் அதற்குள் போட்டுக் கொடுக்கணும். எப்படிப் போடுவது என்று எங்கள் வீட்டில் பல வருஷமாகச் செய்து பார்த்ததை எழுதுகிறேன்.

வருகிற மாசியில் நாங்கள் ரெண்டு பேரும் கோவலன் கண்ணகி போன வழியிலேயே போவதாக இருக்கிறோம். தாம்பரத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயில், அங்கிருந்து வாடகைக் காரில் பூம்புகார், கும்பகோணம், திருவரங்கம், உறையூர், கொடும்பாளூர், மதுரை. எனக்கு வயசு 61, மனைவிக்கு 57. அவளுக்கு ரெண்டு முழங்காலிலும் தேய்மானம். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். இந்த ரெண்டு தகவலும் கட்டுரைக்குத் தேவைப்படும்.

வரைபடம் சொல்கிற ஆறு மணி நேரம்

பூம்புகாரிலிருந்து தஞ்சாவூர், திருச்சி வழியாக மதுரைக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். கூகுள் வரைபடம் ஆறு மணி நேரம் சொச்சம் என்று காட்டும். (இங்கேயும் ஒரு ஆறு!) இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாலையில் போய்க்கொண்டிருக்கும் கைபேசிகளிலிருந்து வரும் வேகத் தகவலையும், அதே சாலையில் அதே கிழமையில் அதே வேளையில் முன்பு இருந்த போக்குவரத்தையும் சேர்த்து அது கணிக்கிறது. போகிற நேரத்தை மாற்றிப் போட்டால் விடையும் மாறும். புறப்படும் நேரத்தையோ போய்ச் சேரவேண்டிய நேரத்தையோ கொடுத்துப் பார்க்கிற வசதி அதில் இருக்கிறது. பலர் அதைத் தொடுவதே இல்லை. ராத்திரி பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, காலை ஒன்பது மணிக்கு அதே நேரத்தை எதிர்பார்ப்பார்கள். கும்பகோணத்துக்குள் காலை ஒன்பது மணிக்கு நுழைந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, வேளையைச் சரியாகப் போட்டாச்சு. அப்பவும் அந்த ஆறு மணி நேரம் சக்கரம் உருள்கிற நேரம் மட்டும்தான். டீ, டிபன், கழிப்பறை, டீசல், வழி கேட்பது, செருப்பு விடும் இடத்தைத் தேடுவது, ‘ஒரு நிமிஷம் நிறுத்துங்க, பனங்கிழங்கு விக்கிறாங்க’ எதுவும் அதில் கிடையாது.

மனைவியிடம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் உண்டு. பதினோரு வருஷமாக ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி. கிளம்புமுன் வரைபடம் சொன்ன நேரம், போய்ச் சேர்ந்தபின் ஆன நேரம், ரெண்டாவதை முதலாவதால் வகுத்து வந்த எண். அவ்வளவுதான். சாப்பாட்டைப் பற்றியோ சண்டையைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அந்த எண்களின் சராசரி, நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட கார் பயணத்துக்கு 1.5. கோயில் ஊர்களுக்குள் சுற்றினால் 2. நெடுஞ்சாலையில் ரெண்டு மணி நேரத்துக்குள் முடிகிற பயணத்துக்கு 1.3. இது எங்கள் எண். உங்கள் வீட்டு எண் வேறாக இருக்கும், சின்னப் பிள்ளை இருந்தால் ரொம்பவே வேறாக இருக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியும் இருக்கிறது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-இல், மனிதர்கள் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கும்போது ஏன் திரும்பத் திரும்பக் குறைத்தே சொல்கிறார்கள் என்று எழுதினார்கள். காரணம் இது: நாம் இந்த ஒரு வேலையின் படிகளை மட்டும் மனசில் ஓட்டிப் பார்க்கிறோம். ஓட்டிப் பார்க்கும்போது டயர் பஞ்சர் ஆவதில்லை. இதே மாதிரி வேலைகள் இதுவரைக்கும் எவ்வளவு நேரம் எடுத்தன என்று வெளியிலிருந்து பார்த்தால் கணிப்பு மேம்படும் என்றார்கள். மனைவியின் நோட்டுப் புத்தகம் செய்வது அதைத்தான். அவள் கானமனைப் படித்ததில்லை. நான் படித்துக் காட்டியபோது, “இதுக்கு ஆராய்ச்சி வேற பண்ணாங்களா?” என்றாள்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: பழைய பயணங்களின் நேரம் நினைவில்லை என்றால் கைபேசிப் புகைப்படங்களைப் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் எடுத்த நேரம் பதிவாகியிருக்கும். கிளம்பும்போது எடுத்த செல்ஃபி, போய் இறங்கியதும் எடுத்த லாட்ஜ் வாசல். இதை வைத்தே நாலைந்து பயணங்களுக்குக் கணக்குப் போட்டுவிடலாம்.

‘உங்க இஷ்டம்’ என்ற ஊர்

1974-இல் ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். டெக்சஸ் மாநிலத்தில் கோல்மன் என்ற சின்ன ஊர். கொளுத்தும் வெயில். மாமனார் வீட்டில் ஹார்வியும் மனைவியும் மாமியாரும் மாமனாரும் விசிறிக்குக் கீழே உட்கார்ந்து டாமினோ ஆடிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். திடீரென்று மாமனார், 53 மைல் தள்ளி இருக்கும் ஆபிலீன் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா என்கிறார். மனைவி நல்ல யோசனை என்கிறார். ஹார்வி, உங்க அம்மாவுக்கும் சரின்னா எனக்கும் சரி என்கிறார். மாமியார், நான் போய் ரொம்ப நாளாச்சு என்கிறார். ஏசி இல்லாத காரில், புழுதியில், 106 மைல் போய் வருகிறார்கள். சாப்பாடு மட்டம். வீடு திரும்பியபின் ஒவ்வொருவராக உண்மை வெளிவருகிறது: நாலு பேரில் ஒருவருக்கும் போக ஆசையில்லை. மாமனார்கூட மற்றவர்களுக்குச் சலிப்பாக இருக்குமோ என்றுதான் கேட்டாராம்.

நிர்வாகவியலில் இதற்கு ஆபிலீன் முரண் என்று பெயர். நம் வீடுகளில் இதன் பெயர் ‘உங்க இஷ்டம்’. இந்த ரெண்டு வார்த்தைக்குச் சம்மதம் என்று பொருள் கொள்கிற கணவன்மார்கள் ஏராளம். எங்கள் தலைமுறைப் பெண்கள் ரொம்பக் காலம் இதைத் தவிர வேறு பதில் சொல்லப் பழக்கப்படவில்லை என்பதும் உண்மை. முதலில் வாய் திறப்பவர் ஒரு ஊர் பெயரைச் சொல்லிவிட்டால் அப்புறம் வருகிற பேச்செல்லாம் அந்த ஊரைச் சுற்றியே இருக்கும்.

அதனால் நாங்கள் செய்வது: ஆளுக்கு ஒரு தாள். ஒருவருக்கொருவர் காட்டாமல், போக ஆசைப்படும் இடங்களை எழுதுவது. அதில் கட்டாயம் என்று ரெண்டுக்கு மட்டும் நட்சத்திரம். வேண்டவே வேண்டாம் என்று ஒன்றுக்குப் பெருக்கல் குறி. அப்புறம்தான் தாள்களைத் திருப்புவது. இந்தத் தடவை என் தாளில் கொடும்பாளூரும் சித்தன்னவாசலும் நட்சத்திரம் வாங்கின. அவள் தாளில் அழகர்கோயிலுக்கு ஒரு நட்சத்திரம், இன்னொன்று ‘கும்பகோணத்துல ஒரு முழுச் சாயங்காலம், எந்தக் கோயிலும் இல்லாம’. நேரில் கேட்டிருந்தால் இந்த ரெண்டாவது வந்திருக்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். கோயில் ஊருக்குப் போய்க் கோயில் வேண்டாம் என்று யார் வாய்விட்டுச் சொல்வார்கள்?

இதற்கப்புறம் கூகுள் ஷீட்ஸ். ரெண்டு பேர் கைபேசியிலும் ஒரே விரிதாள் திறக்கும். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கும் தெரியும். எங்கள் தாளில் இருக்கும் பத்திகள்: இடம், வரைபட நேரம், எங்கள் நேரம் (வரைபட நேரத்தைப் பெருக்கியது), எத்தனை படி, கழிப்பறை எங்கே, நடை திறந்திருக்கும் வேளை, யார் விருப்பம். கடைசிப் பத்தியில் ஒரே பெயர் தொடர்ந்து நாலு வரிக்கு வந்தால் ஏதோ சரியில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். இன்னொரு லாபம்: மூணு ஊரை ஒரே நாளில் போட்டால் ‘முடியாது’ என்று சொல்வது மனைவியோ நானோ கிடையாது, தாள் சொல்லிவிடும். தாளோடு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோவலனுக்கும் கண்ணகிக்கும் இந்த வேலையைக் கவுந்தியடிகள் செய்தார். காடு குறுக்கிடும் நாட்டைக் கடந்து போகிற நிலையில் இந்தப் பெண் இல்லை, இங்கேயே இருந்துவிடுங்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள் என்று முதலில் பச்சையாகச் சொன்னவர் அவர்தான். அப்புறம் தானும் கூடவே நடந்தார்.

படிகள்

வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் ஒரு சுலபமான விதி சொன்னார். மூணு மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இன்றைக்கும் மலை நடைக்குப் போகிறவர்கள் இதிலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறார்கள். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர் உயரம், நானூற்றுக்கும் மேற்பட்ட படிகள். நெய்ஸ்மித் கணக்கில் ஏறுவதற்காகக் கூட்டவேண்டியது எட்டு நிமிஷம்!

ஆரோக்கியமான மலையேறிகளுக்கான எட்டு நிமிஷம் அது. எங்கள் வீட்டுக் கணக்கில் 50 படிக்கு ஒருமுறை உட்காரணும், உட்கார்ந்தால் மூணு நிமிஷம். இறங்குவது இன்னும் மோசம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் வலி கூடுதல், நெய்ஸ்மித் விதியில் இறக்கத்துக்கு இடமே இல்லை. எல்லாம் சேர்த்தால் ஒன்றரை மணி நேரம், மறுநாள் காலையில் வீக்கம். விரிதாளில் ‘படி’ என்று ஒரு பத்தி இருப்பது இதனால்தான். “படி இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போய் நிக்கவச்சு சொல்லாதீங்க” என்பது அவளுடைய ஒரே நிபந்தனை. ஒரு இடத்தில் படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, கூகுள் வரைபடத்தில் அந்த இடத்துக்குக் கீழே வருகிறவர்கள் போடும் புகைப்படங்களைப் பார்ப்பேன். கட்டுரைகளைவிட அவை நேர்மையானவை. யாரோ ஒரு குடும்பம் வரிசையாக நின்று எடுத்த படத்தில், பின்னால் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, படி எவ்வளவு உயரம் என்று துல்லியமாகத் தெரியும்.

மலைக்கோட்டைக்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டம் பிரிந்து போவது. அவள் அடிவாரத்தில் மாணிக்க விநாயகரைப் பார்த்துவிட்டுச் சின்னக்கடைத் தெருவைச் சுற்றுவாள், நான் மேலே போய் வருவேன். சேர்ந்து பயணம் போகிறவர்கள் எல்லா நிமிஷமும் ஒட்டிக்கொண்டே இருக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தினம் ஒரு மணி நேரமாவது பிரிந்து இருப்பதைத் திட்டத்திலேயே எழுதிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. வாட்ஸப்பில் இருக்கும் இடத்தை நேரலையாகப் பகிரலாம். 15 நிமிஷம், ஒரு மணி, எட்டு மணி என்று மூணு அளவு இருக்கிறது, தெருவில் தேடுவதற்கு அது போதும். கோயிலுக்குள் இது உதவாது. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மதுரை மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பிருந்தே கைபேசிக்கு அனுமதி இல்லை. அதனால் பழைய முறைதான்: இந்தத் தூண், இத்தனை மணி. ரெண்டு பேர் கையிலும் கைக்கடிகாரம் இருக்கணும். கைபேசி வந்தபின் கடிகாரம் கட்டுவதை விட்டவர்கள் இதற்காகவாவது அலமாரியில் தேடி எடுங்கள்.

எழுதக் கூச்சப்படுகிற பத்தி

பயணக் கட்டுரைகள் எழுதுகிற ஆண்கள் (பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதுகிறார்கள்) கழிப்பறையைப் பற்றி எழுதுவதில்லை. பெண்களின் பயணத்தில் பாதித் திட்டம் அதுதான். கழிப்பறை எங்கே கிடைக்கும் என்று தெரியாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்களை எல்லாக் குடும்பங்களிலும் பார்க்கலாம். தலைவலி, சோர்வு, ஊர் திரும்பியபின் நீர்க்கடுப்பு. ‘டூர் போனாலே உனக்கு உடம்புக்கு வந்துடுது’ என்று அதற்கு ஒரு பெயரும் வைத்துவிடுவோம்.

இதற்கு உதவுகிற கருவி ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது, விக்கிப்பீடியாவைப் போலவே ஆர்வலர்கள் சேர்ந்து வரைகிற வரைபடம். பொதுக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், உட்காரும் பெஞ்சு போன்றவற்றைக் குறிப்பதற்கு அதில் தனித்தனிக் குறிகளே உண்டு. அந்தத் தரவை வைத்து இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளில் மாநிலத்தையே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் தேடலாம். நம் ஊர்ப் பக்கம் இந்தக் குறிகள் இன்னும் அடர்த்தியாக இல்லை. ஆனால் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், நானும் போகிற இடங்களில் சேர்த்துக்கொண்டு வருகிறேன். நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கழிப்பறை இருக்கும். பங்குகளில் வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் கேட்டுப் பயன்படுத்தலாம். எங்கள் தாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று என்று ஊர் பெயரோடு இருக்கும். டிரைவரிடம் காலையிலேயே அந்த வரிசையைச் சொல்லிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டு நிறுத்தவேண்டிய சங்கடம் இல்லை.

ரயில்

மயிலாடுதுறை வழியாகப் போகும் உழவன் விரைவு ரயிலில்தான் டிக்கெட் போட்டிருக்கிறோம். ரயில் முன்பதிவில் ரெண்டு பேராகப் போகிறவர்களுக்குப் பயன்படுகிற மூணு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்னால்தான் திறக்கும். 2024 நவம்பர் 1 வரை 120 நாளாக இருந்தது. பழைய ஞாபகத்தில் நாலு மாசம் முன்னாலேயே திட்டமிட்டு உட்கார்ந்து பயனில்லை. திட்டமிடலாம், டிக்கெட் கிடைக்காது.

ரெண்டாவது, கீழ்ப்படுக்கை. மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் போய்விட்டது, கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஆணுக்கு 60 வயது, பெண்ணுக்கு 45. இதில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு: அந்த ஒதுக்கீடு தனியாகப் போகிறவருக்கு, அல்லது ஒரே டிக்கெட்டில் போகிற ரெண்டு பேருமே வயசுத் தகுதி உள்ளவராக இருந்தால் மட்டும். கணவனுக்கு 58, மனைவிக்கு 54 என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்குத் தகுதி உண்டு. சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் வராது. மூட்டு வலிக்காரருக்குக் கீழ்ப்படுக்கை அவசியம் என்றால் தனித்தனி டிக்கெட்டாகப் போடலாம். அப்போது வேறு வேறு பெட்டியில் இடம் விழுகிற வாய்ப்பு இருக்கிறது. சேர்ந்து உட்காருவதா, வலி இல்லாமல் படுப்பதா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளணும். எனக்கு 60 முடிந்ததில் எங்களுக்குக் கிடைத்த ஒரே லாபம், இந்தக் கேள்வி தீர்ந்துபோனது.

மூணாவது ஆர்ஏசி. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை ரெண்டு பேருக்கு உட்காரப் பிரித்துக் கொடுப்பார்கள். முன்பின் தெரியாதவரோடு ராத்திரி முழுக்கக் காலை மடக்கி உட்காருவது தண்டனை. கணவன் மனைவி ரெண்டு பேருக்கும் ஆர்ஏசி வந்து ஒரே படுக்கை அமைந்தால் முறை வைத்துத் தூங்கலாம், ஒருத்தருக்காவது முதுகு நிமிரும். எங்கள் முப்பதுகளில் இப்படிப் பல ராத்திரி போயிருக்கிறது. இப்போது போட மாட்டோம்.

பணத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைவிட நல்ல உதாரணம் யாரிடமும் கிடையாது. கடை வருமானத்தில் தினமும் ஒரு தொகையை எடுத்து வைப்பார்கள், போதாததற்குக் கடன் வாங்கிப் போவார்கள், திரும்பி வந்து கடையில் நின்று அதை அடைப்பார்கள், மறுபடி அடுத்த நாடு. இப்படியே 25-க்கும் மேற்பட்ட நாடுகள். 2021-இல் ரஷ்யா போய் வந்த சில வாரங்களில் விஜயன் காலமானார். கையில் முழுப் பணமும் சேரட்டும், பிள்ளைகள் கடமை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு, முழங்கால் அதுவரைக்கும் காத்திருக்காது என்பதை மட்டும் நினைவுபடுத்தலாம்.

வெயிலும் நடை சாத்துவதும்

கோவலன் ஒரு இடத்தில் மிகச் சரியாகத் திட்டமிட்டான். பாண்டிய நாட்டு வெயிலைக் கண்ணகியால் தாங்க முடியாது, அதனால் நிலா வெளிச்சத்தில் இரவில் நடப்போம் என்று முடிவு செய்கிறார்கள். நிலா எழும்வரை காத்திருந்து கிளம்புகிறார்கள். அன்றைய வானிலை அறிக்கையும் அதுதான், பஞ்சாங்கமும் அதுதான்.

காரில் போகிற நமக்கு இது தலைகீழ். ராத்திரி பயணத்தைத் தவிர்க்கணும், வெயிலுக்குக் காருக்குள் இருக்கலாம். இதோடு நம் ஊர்க் கோயில்களின் நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வசதி புலப்படும். பெரும்பாலான கோயில்களில் பகல் 12, 12.30 மணிக்கு நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். வரைபடச் செயலிகள் ஊர்களைத் தூர வரிசையில் அடுக்கித் தரும், நடை சாத்துவது அவற்றின் கணக்கில் இல்லை. அந்த வரிசையிலேயே போனால் மத்தியானம் ஒரு மணிக்குப் பூட்டிய கோபுரத்துக்கு முன்னால் சுடுகிற கல்லில் நிற்கவேண்டியதுதான். அதனால் எங்கள் தாளில் முதலில் நிரப்புவது 12 மணியிலிருந்து 4 மணிவரை. சாப்பாடு, ஊர் மாறுவது, ஒரு மணி நேரத் தூக்கம், மூணும் அதற்குள். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். ஒரு நாளைக்கு ரெண்டு. இளம் ஜோடிகளுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியலாம். நாளுக்கு ஒரு காதம் நடந்தவர்களைவிட நாங்கள் வேகம்தான்.

கொடும்பாளூர்க் கவை

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னும் பார்க்காத ஒன்று. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையவன் என்று ஒருவர் வருகிறார். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர், கோவலனுக்கு வழி சொல்கிறார். கொடும்பாளூர் ஏரிக்கரையில் பாதை சூலம்போல மூணாகப் பிரியும். வலப்பக்கம் போனால் வறண்ட காடு, சிறுமலை. இடப்பக்கம் போனால் வயல்களும் சோலைகளும், திருமால் குன்றம், அதாவது இன்றைய அழகர்மலை, மூணு பொய்கைகள். நடுவழி ஊர்களும் காடும் மாறி மாறி வரும், அங்கே ஒரு தெய்வம் வந்து வழிப்போக்கரை மயக்கித் தாமதப்படுத்தும், பார்த்துப் போ. மூணு வழி, ஒவ்வொன்றிலும் என்ன பார்க்கலாம், எது கஷ்டம், எதில் எச்சரிக்கை. இன்றைய வரைபடச் செயலி மூணு கோடு போட்டு, ஒன்றை நீலமாகவும் ரெண்டைச் சாம்பலாகவும் காட்டுகிறதே, அதைவிட அதிகமான தகவல். நேரம் மட்டும் சொல்லவில்லை.

இன்றைக்கு விராலிமலையைத் தாண்டி மதுரை நெடுஞ்சாலையை ஒட்டித்தான் கொடும்பாளூர். இருக்குவேளிர் கட்டிய மூவர் கோயிலில் மூணு விமானத்தில் ரெண்டு மிஞ்சியிருக்கின்றன. ஏறுவதற்குப் படி அதிகம் இல்லை. நாலாம் நாள் காலை அங்கே என்று ரெண்டு பேரும் ஒத்துக்கொண்டாச்சு. அங்கிருந்து மதுரைக்குப் போகும் பிற்பகல்தான் இழுபறி. கிழக்கே திரும்பிச் சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் போவதா, நேரே போய் மாலையில் அழகர்கோயிலா. வரைபட நேரப்படி ரெண்டும் முடியும். 1.5-ஆல் பெருக்கினால் ஒன்றுதான் முடியும். ரெண்டுக்கும் நட்சத்திரம் இருக்கிறது, ஒன்று என்னுடையது, ஒன்று அவளுடையது. சித்தன்னவாசலில் ஏழடிப்பட்டத்துக்குப் பாறையில் ஏறணும். ஓவியம் இருக்கிற குகைக்கு அவ்வளவு ஏற்றம் இல்லை என்று புகைப்படங்களைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். அவள் படத்தைப் பெரிதாக்கிக் கைப்பிடி எங்கே என்று தேடுகிறாள்.

இல்லையென்றால் ஒரு நாள் கூட்டணும். மதுரையிலிருந்து திரும்பும் ரயிலுக்கு முன்பதிவு திறக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதுவரைக்கும் விரிதாளில் அந்த ஒரு வரி காலியாகத்தான் இருக்கும்.